கல்லுப்பும் சிமெண்டும் சேர்ந்த கடற்பாறை

எடைக்கல் முத்திரை, உரிமம் புதுப்பித்தல், ஜி.எஸ்.டி. கணக்கு, எலித் தொல்லை என்று நமது இதழில் பலமுறை எழுதியிருக்கிறேன். இம்முறை மீன்தொட்டி பற்றி எழுதுகிறேன். சென்ற கூட்டத்திற்குப் பிறகு என் வீட்டிற்கு வந்த உறுப்பினர்கள் மூவரும் கூடத்தில் உள்ள கடல்மீன் தொட்டியின் முன் அரைமணி நேரம் நின்றுவிட்டார்கள். மீன்களைக் காட்டிலும் பின்புறம் உள்ள பாறைச் சுவரைத்தான் பார்த்தார்கள். "இந்தப் பாறையை எங்கே பிடித்தீர்கள்? என்ன விலை?" என்று மூவரும் கேட்டார்கள். வாங்கியது அல்ல என்றேன். தெர்மோகோல், வெள்ளைச் சிமெண்ட், கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல், நமது கிட்டங்கியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் கல்லுப்பு, இவற்றால் செய்தது. நம்பவில்லை. எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். செய்த தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தத் தவறு மூன்று உயிர்களைக் கொண்டுபோயிற்று.

என் பேரன் 2022-இல் ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தபோது பொழுது போகட்டும் என்று வாங்கிக் கொடுத்த தங்கமீன் தொட்டியை இரண்டு வருடம் நன்றாகவே பராமரித்தான். பிறகு கடல்மீன் வேண்டும் என்று ஆரம்பித்தான். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். 2003-இல் வந்த ஆங்கிலக் கார்ட்டூன் படத்திற்குப் பிறகு பிள்ளைகள் எல்லோரும் அதை நீமோ என்றே சொல்கிறார்கள். நாமோ கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மதுரையில் இருக்கிறோம். கடல் தண்ணீருக்கு எங்கே போவது?

அப்போது நான் பெருமையாகச் சொன்னேன்: "உங்க தாத்தா நாப்பது வருஷமா உப்பு வித்தவன்டா. உப்புத் தண்ணிக்கா பஞ்சம்?" அந்தப் பெருமை அன்று மாலைக்குள் போய்விட்டது. நாம் விற்கும் உப்பைக் கரைத்தால் அது கடல் நீர் ஆகாது. உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கடல் நீர் பாத்திகளில் வற்றும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதன் பிறகுதான் உப்பு விளைகிறது. உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடுகிறது. ஆகவே நமது மூட்டையில் இருப்பது கடலின் ஒரு பகுதிதான். மீனுக்கு முழுக்கடலும் வேண்டும். அதற்கென்று எல்லாச் சத்தும் அளவாகச் சேர்த்த உப்புக் கலவை அலங்கார மீன் கடைகளில் கிடைக்கிறது. லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. நல்ல தண்ணீரில் கரைத்து, மானியில் அடர்த்தி 1.025 காட்டினால் சரி. கல்லுப்புக்கு இந்தத் தொட்டியில் வேறு வேலை காத்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இருபது அங்குல உயரம். சுமார் 270 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்த்தால் ஏழு சர்க்கரை மூட்டையை ஒரே இடத்தில் அடுக்கிய பாரம். மாடியில் வைக்க நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். நான் தரைத்தளத்தில் வைத்தேன்.

தொட்டி வந்து நின்றதும் அடுத்த குறை தெரிந்தது. பின்கண்ணாடி வழியாகச் சுவரின் சுண்ணாம்பு, மின்கம்பி, பம்புக் குழாய் எல்லாம் அப்படியே தெரிந்தன. கடைக்காரர் கடலடிக் காட்சி அச்சிட்ட ஒட்டுப்படம் ஒன்று கொடுத்தார். ஒட்டினோம். ஒரு வாரத்தில் அது காலண்டர் மாதிரி ஆகிவிட்டது. பேரன் அதைக் கிழித்தே போட்டுவிட்டான். அவனுக்குப் பாறை வேண்டுமாம். பொந்தும் விளிம்புமாக, மீன் புகுந்து புறப்படும் பாறை.

பில் இல்லாத சரக்கு

பாறை தேடிய சமயத்தில் ஒருவர் கடைக்கே வந்தார். "அண்ணாச்சி, கடல்லேருந்து நேரா வந்த கல்லு. சாக்குல கட்டிக் கொண்டாந்து எறக்கிர்றேன். கிலோ கணக்குதான்" என்றார். மாதிரிக்கு ஒரு கல்லையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை வெளேர் என்று, தேன்கூடு மாதிரி துளைத் துளையாக இருந்தது. பவளக்கல். பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. விலையும் அதிகமில்லை. முன்பணம் எடுக்க நான் கல்லாவைத் திறந்துவிட்டேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பக்கத்தில் இருந்த பேரன் கேட்டான்: "தாத்தா, இதுக்குப் பில் தருவாங்களா?"

வந்தவர் சிரித்தார். நான் கல்லாவை மூடினேன்.

அந்தக் கல்லை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எழுபதுகளில் உப்புக் கொள்முதலுக்காக அப்பாவோடு தூத்துக்குடி போகும்போது, கரையில் வள்ளங்களிலிருந்து பவளக்கல் இறக்கிக் குவித்திருப்பார்கள். ஆட்கள் கடலுக்குள் மூழ்கிக் கம்பியால் நெம்பி எடுத்துவருவார்கள் என்று சொல்வார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஆலைகளுக்கும் அது போயிற்று. அன்று யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை. ஆற்று மணல் மாதிரி அதுவும் ஒரு சரக்கு, அவ்வளவுதான்.

விளைவு பிறகு தெரிந்தது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-இல் அவற்றைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்த 21-இல் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கு மேலே இல்லை. தீவைச் சுற்றியிருந்த பவளப் பாறைதான் அலையைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பெயர்த்து எடுத்ததும் அலை மணலை அரித்துவிட்டது. கிட்டங்கியின் மதிலைப் பிரித்து விற்றுவிட்டு வெள்ளத்திற்கு வாசலைத் திறந்து வைத்தது போல ஆயிற்று. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உள்ள வான் தீவும் அப்படித்தான் சுருங்கிக்கொண்டு வந்தது. 2015-ஆம் ஆண்டு முதல் அதன் கடற்பக்கத்தில் சிமெண்ட் கான்கிரீட்டால் துளையிட்ட செயற்கைப் பாறைகளைச் செய்து இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது. அந்தக் கான்கிரீட்டின் மேல் பவளமும் மீன்களும் வந்து சேர்ந்தன.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்களைச் சேர்த்துவிட்டார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அட்டவணை அது. நம் கடலில் எடுத்த பவளக்கல் உயிரோடு இருந்தாலும் காய்ந்து கிடந்தாலும் வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடல் அலங்காரப் பொருள் என்று யாராவது நமது கடைக்குக் கொண்டுவந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வான் தீவுச் செய்தியைப் பேரனுக்குச் சொன்னபோது அவன்தான் சொன்னான்: "கடலுக்கே சிமெண்ட் பாறை ஆகுதுன்னா, தொட்டிக்கு ஆகாதா?"

செய்த விதம்

இரண்டு அங்குலக் கனமுள்ள கெட்டித் தெர்மோகோல் பலகைகளை வாங்கினோம். பெட்டியில் பொருள் அடைத்து வரும் லேசான தெர்மோகோல் கையில் உதிர்ந்துவிடும், அது வேண்டாம். ஒன்றின்மேல் ஒன்றாகச் சிலிகோன் வைத்து ஒட்டி, ஒருநாள் பாரம் ஏற்றி வைத்தோம். டப்பாவில் வரும் சாதாரணப் பசையைத் தடவினால் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். பெயிண்ட் தின்னரும் அப்படியே. சிலிகோனிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. குளியலறைக்கு என்று விற்பதில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்திருக்கும், மீனுக்கு ஆகாது. கண்ணாடித் தொட்டி ஒட்டுவதற்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு ஆக்சா பிளேடு, கத்தி, கம்பி பிரஷ் இவற்றைக் கொண்டு செதுக்கினோம். மொட்டைமாடியில் வைத்துச் செதுக்குவது உத்தமம். நாங்கள் கூடத்தில் ஆரம்பித்து, வெள்ளைத் துகள் சமையலறை வரை பறந்து, என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். செதுக்குவதில் கணக்கு எதுவும் இல்லை. நேர்கோடும் சம இடைவெளியும் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பேரன் செதுக்கிய பாதி நிஜப்பாறை போல இருந்தது. நான் செதுக்கிய பாதி ராக்கை மாதிரி வரிசை வரிசையாக வந்தது. என்ன செய்வது, கை அப்படிப் பழகிவிட்டது. பிறகு அதை அவனே கெடுத்துச் சரிசெய்தான். மேல்பாகத்தில் இரண்டு விளிம்பு, நடுவில் இரண்டு பொந்து, ஒரு மூலையில் பம்பு மறைவதற்கு இடம் விட்டோம். அந்த மூலை மட்டும் கையை விட்டுப் பம்பை எடுத்துக் கழுவும்படி திறந்திருக்க வேண்டும்.

நான்கு அடிப் பலகையை ஒரே துண்டாகச் செய்தால் தொட்டிக்குள் இறங்காது, மேலே குறுக்குக் கண்ணாடி இருக்கும். அதனால் நடுவில் பாறை வெடிப்பு போலக் கோணல்மாணலாக அறுத்து இரண்டு துண்டாக்கினோம். உள்ளே சேர்த்தபின் அந்த வெட்டு நிஜமாகவே வெடிப்பு மாதிரி தெரிகிறது.

அடுத்தது பூச்சு. இதற்கு எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனாரை அழைத்தேன். முதல் இரண்டு பூச்சுக்கு வெள்ளைச் சிமெண்டையும் தூளாக்கிச் சலித்த கிளிஞ்சலையும் தண்ணீர்விட்டுக் கரைத்துப் பிரஷ்ஷால் அடித்தோம். பொந்தின் உட்புறமும் விடுபடக் கூடாது. சுவருக்குப் பூசும் புட்டியை வெள்ளைச் சிமெண்ட் என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம், அது வேறு. மேல்பூச்சுதான் முக்கியம். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு உடைத்த கிளிஞ்சல், ஒன்றரைப் பங்கு கல்லுப்பு. தண்ணீர் மிகக் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதம். உப்பைக் கடைசியாகப் போட்டு ஒரே கிளறு கிளறி உடனே அப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் பூசுமுன்பே கரைந்துவிடும்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சிமெண்ட்ல உப்பப் போட்டா நிக்குமா முதலாளி? நான் முப்பது வருஷமா உப்பு இல்லாத மணலாத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வீட்டில் கம்பி இருக்கிறது, உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைத்து வெடிக்கச் செய்யும். இந்தப் பாறையில் கம்பியே இல்லை. ஆணி, வலை, கட்டுக்கம்பி எதுவும் போடவில்லை, போடவும் கூடாது. சிமெண்ட் இறுகிய பின் தண்ணீரில் ஊறப்போட்டால் கல்லுப்பு கரைந்து வெளியே வந்துவிடும். அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். பவளக்கல்லில் பார்த்த அதே தேன்கூடு. அந்தத் துளைகள் அழகுக்கு மட்டுமல்ல. தொட்டி நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அந்தத் துளைகளில்தான்.

நிறத்திற்குத் தரைக்குப் போடும் இரும்பு ஆக்சைடு பொடியைக் கடைசிக் கலவையில் இரண்டு சிட்டிகை சேர்த்தோம். பெயிண்ட் கூடாது.

2022 டிசம்பர் 22-ஆம் தேதி பூச்சு முடிந்தது. ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தோம். சாக்குக்கு நமக்கா பஞ்சம். பிறகு பழைய சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போட்டோம். முதல் நாளே தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. நான்காம் நாள் துளைகள் கண்ணுக்குத் தெரிந்தன. கொத்தனார் தம் வேலைக்காரப் பையனைக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போனார்.

என் அவசரம்

இனி நடந்ததை எழுதக் கை கூசுகிறது.

பொங்கலன்று தொட்டியில் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. புதுக்கணக்குப் போடும் பழக்கம், எதற்கும் ஒரு நல்ல நாள் வேண்டும். பாறை பன்னிரண்டு நாள்தான் ஊறியிருந்தது. பேரன் எங்கோ படித்துவிட்டு, "ஆறு வாரமாவது ஊறணுமாம் தாத்தா" என்றான். உப்புத்தான் கரைந்துவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டேன். ஜனவரி 10-ஆம் தேதி பாறையை எடுத்துக் காயவைத்து, பின்கண்ணாடியில் சிலிகோன் வைத்து ஒட்டினோம்.

ஒட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் பாறையில் தெர்மோகோல் மட்டும் ஏறத்தாழ 28 லிட்டர் இடத்தை அடைக்கிறது. தண்ணீருக்குள் அது 28 கிலோ விசையோடு மேலே எழும்பப் பார்க்கும். சிமெண்ட் பூச்சின் பாரம் அதில் கொஞ்சத்தைத்தான் குறைக்கும். நமது 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கூரையை நோக்கி இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நான்கு மூலையில் நான்கு பொட்டு வைத்தால் போதாது. பின்புறம் முழுவதும் பட்டை பட்டையாகச் சிலிகோன் போட்டு, ஓரம் நான்கையும் இடைவெளி இல்லாமல் அடைக்க வேண்டும். இடைவெளி இருந்தால் தீனியும் கழிவும் பின்னால் போய் அழுகிவிடும், எடுக்கவே முடியாது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தோம்.

ஜனவரி 15, பொங்கலன்று தண்ணீர் நிரப்பினோம். பாறை எடுத்துக்கொண்ட இடம் போக 230 லிட்டர் பிடித்தது. எட்டு கிலோ உப்புக் கலவை ஆயிற்று. இரண்டாம் நாள் தண்ணீர் இலேசாகப் பால் நிறமாயிற்று. புதுத் தொட்டி அப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார், நான் நம்பிக்கொண்டேன். நான்காம் நாள் மூன்று மீன் வாங்கி விட்டோம்.

விட்ட சிறிது நேரத்தில் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பேரன் கையில் சோதனை மருந்து இருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் போட்டுப் பார்த்தான். கடல் நீரின் பி.எச். அளவு 8.1 முதல் 8.3 வரை இருக்க வேண்டும். எங்கள் தொட்டியில் 9-ஐத் தாண்டியிருந்தது. இறுகாத சிமெண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. காரம் ஏற ஏற, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் விஷமும் ஏறும். இரண்டும் சேர்ந்துகொண்டன. வேறு தண்ணீர் கலக்கத் தயாராக இல்லை. அன்று இரவு இரண்டும் மறுநாள் காலை ஒன்றுமாக மூன்று மீனும் போயின. அவன் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்து முருங்கை மரத்தடியில் புதைத்தான். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஐந்து நாள் பேசவில்லை. "நான்தான் சொன்னேனே" என்று ஒருமுறை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆறாம் நாள் நான்தான் போய்ச் சொன்னேன்: "தப்பு என்னோடதுப்பா. இனிமே நீ சொல்ற தேதிதான்." அவன் என் கடையிலிருந்து பாதி எழுதிய பழைய பேரேடு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

உப்புத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினோம். ஒட்டிய பாறையை இனி எடுக்க முடியாது. ஆகவே தொட்டியிலேயே குழாய்த் தண்ணீர் நிரப்பி, வெள்ளை வினிகர் ஊற்றி, பம்பை ஓடவிட்டோம். வினிகர் புளிப்பு, காரத்தை முறிக்கும். மீன் இல்லாத தொட்டியில்தான் இதைச் செய்ய வேண்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் மாற்றுவதற்கு முன் அவன் சோதித்துப் பேரேட்டில் எழுதுவான். முதல் பதிவு 10.4. பிறகு 10.1. பத்துக்குக் கீழே வர மூன்று வாரம் ஆயிற்று. கடைசியாக வினிகர் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி, நான்கு நாள் கழித்தும் அளவு ஏறாமல் குழாய்த் தண்ணீரின் அளவிலேயே நின்றபோது மார்ச் முதல் வாரம் ஆகிவிட்டது. உப்புத் தண்ணீரில் சோதித்தால் ஏமாந்துவிடுவோம். கடல் நீருக்குக் காரத்தைத் தாங்கும் சக்தி கொஞ்சம் உண்டு, குறையை மறைத்துவிடும். வெறும் தண்ணீர்தான் உண்மையைச் சொல்லும். பாறையை ஒட்டுவதற்கு முன்பே தனித் தொட்டியில் வைத்து இந்தச் சோதனையைச் செய்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

அதன் பிறகு உப்புக் கலவை போட்டு மறுபடி ஐந்து வாரம் காத்திருந்தோம். இது வேறு காத்திருப்பு. அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறைத் துளைகளில் பெருக வேண்டும். பாலுக்கு உறை ஊற்றிவிட்டு அடிக்கடி திறந்து பார்த்தால் தயிர் சீக்கிரம் ஆகிவிடாது அல்லவா. இரண்டு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிட்டு, அமோனியா ஏறி இறங்கியதையும் அதன்பின் நைட்ரைட் ஏறி இறங்கியதையும் அதே பேரேட்டில் அவன் எழுதினான். இரண்டும் பூஜ்யம் ஆனபோது ஏப்ரல் பாதி. உடனே மீன் வாங்கலாம் என்றேன், வாய் சும்மா இருக்காதே. "அக்னி நட்சத்திரம் முடியட்டும் தாத்தா, தண்ணி முப்பத்தொண்ணு டிகிரி இருக்கு" என்றான். பேரேடு அவன் கையில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

2023 ஜூனில் இரண்டு மீன் வந்தன. கடலில் பிடித்தவை அல்ல, குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வளர்ந்தவை. இந்த மீனைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வெற்றிகரமாகச் செய்திருக்கிறார்கள். பண்ணை மீன் தொட்டிக்குப் பழகியது, தீனியும் தகராறு இல்லாமல் எடுக்கும். இம்முறை பில்லோடு வாங்கினோம். பேரன் அதையும் பேரேட்டில் ஒட்டிவைத்தான்.

பராமரிப்பில் பெரிதாகச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மதுரை வெயிலுக்குத் தண்ணீரின் மேல் ஒரு சிறிய மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். ஒருமுறை நாங்கள் விருதுநகரில் ஒரு கல்யாணத்திற்குப் போயிருந்தபோது கடைப் பையன் நல்லெண்ணத்தோடு உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி நிரப்பிவிட்டான். மூன்று நாளில் அடர்த்தி ஏறிவிட்டது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும், உப்பளம் முழுவதும் அந்த ஒரு விதியில்தான் நடக்கிறது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். அதை ஒருநாளில் கொட்டிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு நாளில் சரிசெய்தோம். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கட்டாயம்.

செலவைக் கேட்பீர்கள். பாறைச் சுவருக்கு மட்டும், கொத்தனார் கூலி உட்பட, 3,400 ரூபாய். கல்லுப்பு நம் சரக்கு, கணக்கில் சேர்க்கவில்லை. வீணாய்ப்போன எட்டு கிலோ கலவையையும் மூன்று மீனையும் என் பெயரில் பற்று எழுதிக்கொண்டேன். தொட்டி, விளக்கு, பம்பு, உப்புக் கலவை எல்லாம் இதைப்போலப் பலமடங்கு ஆகும். வரவு என்று காட்ட ஒன்றுமில்லை, கூடத்தில் தொலைக்காட்சி ஓடுவது பாதியாகக் குறைந்ததைத் தவிர.

பாறை இப்போது வெள்ளையாக இல்லை. முதல் வருடம் பழுப்புப் பாசி படர்ந்து அசிங்கமாக இருந்தது, தேய்த்துக் கழுவத் தோன்றும், தேய்க்கவில்லை. பிறகு நத்தை ஓட்டில் ஒட்டிவந்த ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசி மேல்விளிம்பிலிருந்து மெதுவாக இறங்க ஆரம்பித்தது. இன்று சுவரில் பாதிக்கு மேல் கத்தரிப்பூ நிறம். பேரன் செதுக்கிய பாதி எது, நான் செதுக்கிய பாதி எது என்று எனக்கே தெரியவில்லை. மீன் இரண்டும் இடப்பக்கப் பொந்தில் குடியிருக்கின்றன.

செய்து பார்க்க விரும்பும் உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டிற்கு வரலாம். பேரன் இப்போது பத்தாம் வகுப்பை முடித்துவிட்டான், பேரேட்டைக் காட்டுவான். சலித்த கிளிஞ்சல் அரை மூட்டை மிச்சம் இருக்கிறது. முதலில் வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம், விலை இல்லை. சாக்கு மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.